போதை தெளிந்தும் தெளியாத மூளை

குடிப்பவர் தள்ளாடினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பேச்சு குழறினாலும், கேட்டதற்கு ஏறுக்குமாறாகப் பதில் சொன்னாலும் "இன்னும் இறங்கல, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. சரியாகாத சிலரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடைசியாகக் குடித்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வாயில் வாடை இல்லை. ஆனாலும் குழப்பம் தீரவில்லை, காலை அகட்டி வைத்துத்தான் நடக்க முடிகிறது, எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிகிறார் என்கிறார். இதையும் போதை என்றே நினைத்துக் காத்திருக்கும் நேரத்தில் மூளையின் நடுப்பகுதியில் செல்கள் செத்துக்கொண்டிருக்கலாம். காரணம், தயமின் எனப்படும் வைட்டமின் பி1 உடம்பில் தீர்ந்துபோனது.

மருந்து பழையது, மலிவானது, ஊசியாகக் கிடைக்கிறது. நேரத்துக்குப் போட்டால் கண் அசைவு சில மணி நேரத்திலேயே திரும்பத் தொடங்கும். தாமதமானால் ஆயுளுக்கும் தீராத மறதி வரும், உயிரும் போகலாம். இத்தனை எளிதாகத் தடுக்கக்கூடிய மூளைச் சேதம், நோயாளி குடிப்பவர் என்ற ஒரே காரணத்தால் கண்ணில் படாமல் போகிறது. அதை ஏற்க முடியவில்லை.

இருப்பு ஏன் தீர்கிறது?

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமாக இருக்கும் தயமின் 25 முதல் 30 மில்லிகிராம்தான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் தேவை. உடம்பு இதைத் தானாகத் தயாரிக்காது, மாதக்கணக்கில் சேர்த்து வைக்கவும் முடியாது. வரவு முற்றிலும் நின்றுவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் இருப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

தொடர்ந்து குடிப்பவருக்கு முதலில் குறைவது சாப்பாடு. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருக்கிறது. அது பசியை அடக்கிவிடும், ஆனால் அதில் வைட்டமின் கிடையாது. ஆள் மெலியாமலே இருக்கலாம், தொப்பைகூட இருக்கலாம். வெளியே பார்த்து இவருக்குச் சத்துக் குறைவு இல்லை என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறிப்போகிறது.

சாப்பிட்டாலும் முழுதாகச் சேர்வதில்லை. சிறுகுடலின் சுவரில் தயமினை உள்ளே இழுத்துக்கொள்வதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. மது அவற்றின் வேலையை முடக்குகிறது. ஏற்கெனவே சத்துக் குறைந்த குடல் என்றால் உறிஞ்சும் திறன் இன்னும் விழுந்துவிடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். உள்ளே போன கொஞ்சத்தையும் கெட்டுப்போன ஈரலால் சேமித்து வைக்க முடியாது.

அடுத்தது பலரும் கவனிக்காத மெக்னீசியம். தயமின் அப்படியே வேலை செய்வதில்லை. அது தயமின் பைரோபாஸ்பேட் என்ற வடிவத்துக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கும், மாறிய பிறகு அது துணைநிற்கும் நொதிகளுக்கும் மெக்னீசியம் தேவை. மது அருந்துபவரின் சிறுநீரில் மெக்னீசியம் அதிகமாக வெளியேறுகிறது. தயமின் ஊசி போட்டும் ஒருவர் எதிர்பார்த்தபடி தேறவில்லை என்றால் அனுபவமுள்ள மருத்துவர் அடுத்து பார்ப்பது ரத்தத்தில் மெக்னீசியத்தின் அளவைத்தான்.

மூளையில் நடப்பது

உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. உடம்பு செலவிடும் ஆற்றலில் அது எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 20 சதவீதம். அந்த ஆற்றல் பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. குளுக்கோஸை உடைத்து ஆற்றலாக்கும் பாதையில் பைருவேட் டிஹைட்ரஜனேஸ், ஆல்பா கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸ் என்ற இரண்டு நொதிகள் தயமின் இல்லாமல் நகராது. பக்கத்துப் பாதை ஒன்றில் டிரான்ஸ்கீட்டோலேஸ் என்ற மூன்றாவது நொதிக்கும் அதே கதிதான். விறகு குவிந்து கிடந்தும் பற்றவைக்க நெருப்பில்லாத அடுப்பாகிவிடுகிறது செல். லாக்டிக் அமிலம் தேங்குகிறது. குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தி அளவுக்கு மீறிச் சேர்ந்து, தூண்டித் தூண்டியே நரம்புச் செல்களைக் கொல்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு கசிகிறது, நுண்ணிய ரத்தக்கசிவுகள் தோன்றுகின்றன.

இது மூளை முழுவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆற்றல் அதிகம் செலவாகும் சில இடங்களே முதலில் விழும். மூன்றாவது, நான்காவது மூளை அறைகளை ஒட்டிய பகுதிகள், மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதியின் உட்பக்கம், நினைவுச் சுற்றுப்பாதையில் உள்ள மாமில்லரி முடிச்சுகள், கண்ணசைவை ஆளும் நரம்புக் கருக்கள், சிறுமூளையின் நடுமேடு ஆகியவை அந்த இடங்கள். நோயின் அறிகுறிகளை இந்தப் பட்டியலிலிருந்தே ஊகித்துவிடலாம்: பார்வையும் கண்ணசைவும் கெடும், நடை கெடும், மனம் குழம்பும், கடைசியில் நினைவு போகும்.

1881-இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் பெருங்குடிகாரர்கள். மூன்றாமவர் தையல் வேலை செய்துவந்த இளம்பெண். கந்தக அமிலத்தை விழுங்கி இரைப்பை கருகி, ஓயாமல் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவர். மூவருக்கும் கண்கள் சரியாக அசையவில்லை, நடை தள்ளாடியது, மனம் குழம்பியது. மூவரும் இறந்துபோனார்கள். மூளையைத் திறந்து பார்த்தபோது ஒரே இடங்களில் புள்ளி புள்ளியாக ரத்தக்கசிவு இருந்தது. வெர்னிக்கே அதை அழற்சி என்று நினைத்தார். வைட்டமின் என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-இல், ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கியது 1936-இல். அந்த இளம்பெண்ணின் கதை முக்கியம். இந்த நோய்க்கு மது கட்டாயமில்லை. உணவு உள்ளே போய்ச் சேராத எவருக்கும் வரலாம். குடிப்பவர்களிடம் அதிகம் காணப்படுவதற்குக் காரணம், வரவு, உறிஞ்சுதல், சேமிப்பு ஆகிய மூன்றையும் மது ஒரே நேரத்தில் கெடுப்பதுதான்.

மூன்று அறிகுறி என்ற பொறி

மருத்துவ மாணவர்கள் வெர்னிக்கே நோயை மூன்று அறிகுறிகளாக மனப்பாடம் செய்கிறார்கள்: குழப்பம், தள்ளாட்டம், கண்ணசைவுக் கோளாறு. மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் இந்த நோய் என்ற எண்ணம் அப்படியே பதிந்துவிடுகிறது. உண்மை வேறு. ஆஸ்திரேலியாவில் கிளைவ் ஹார்ப்பர் தலைமையிலான குழு, பிரேதப் பரிசோதனையில் வெர்னிக்கே நோய் உறுதியான 131 பேரின் பதிவேடுகளைத் தேடி எடுத்து 1986-இல் வெளியிட்டது. உயிரோடு இருந்தபோது மூன்று அறிகுறிகளும் குறித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. ஐவரில் ஒருவருக்கு மூன்றில் ஒன்றுகூடக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. பெரும்பாலானோரின் நோய் சவக்கிடங்கில்தான் தெரியவந்தது.

அதன் பிறகு 1997-இல் கெய்ன் என்பவரின் குழு வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தது. சத்துக் குறைவான உணவு, கண்ணசைவுக் கோளாறு, சிறுமூளைத் தடுமாற்றம், மனக்குழப்பம் அல்லது லேசான மறதி என்ற நான்கில் இரண்டு இருந்தால் போதும், நோய் என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். மூன்று அறிகுறி விதியைவிட இது மிக அதிகம் பேரைப் பிடிக்கிறது. சரியாகச் சாப்பிடாத குடிநோயாளிக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தாலே இரண்டு கணக்காகிவிடுகிறது. இப்படித் தாராளமாகச் சந்தேகப்படுவதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். தேவையில்லாதவருக்குத் தயமின் ஊசி போட்டுவிட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. தேவைப்பட்டவருக்குப் போடாமல் விட்டால் திருப்பித் தர முடியாததை இழக்கிறார்.

கண்ணைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். மருத்துவர் தன் விரலை நோயாளியின் முகத்துக்கு முன்னால் நிறுத்தி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வார். நோய் இருந்தால், விரல் ஓரத்துக்குப் போகும்போது விழிகள் அங்கே நிலைக்காமல் துடிதுடித்து ஆடும். நோயாளி கொடுக்கும் முதல் துப்பு பெரும்பாலும் இந்தத் துடிப்புதான். முற்றிய நிலையில் விழி வெளிப்பக்கம் திரும்பவே திரும்பாது. அரைத்தூக்கத்தில் இருப்பவரிடமும், கோபமாகக் கத்துபவரிடமும் இந்தச் சோதனையைச் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. தவறவிடுவதில் பாதி இங்கே நடக்கிறது.

ஏமாற்றக்கூடிய நிலைகள் வேறும் உண்டு. குடியைத் திடீரென நிறுத்தியவருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து நடுக்கம், வியர்வை, எதிரே இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது ஆகியவற்றோடு வரும் சன்னி ஒன்று. ஈரல் செயலிழப்பால் வரும் மந்தம் இன்னொன்று. விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம் மற்றொன்று. கொடுமை என்னவென்றால் இவையெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மாமில்லரி முடிச்சுகளும் தலாமஸும் ஒளிர்ந்து தெரிந்தால் நோயை ஏறத்தாழ உறுதிசெய்யலாம். ஆனால் நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அப்படித் தெரியும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் மருந்தை நிறுத்த முடியாது. ரத்தத்தில் தயமின் அளவைச் சோதிக்கலாம், முடிவு வர நாளாகும். அதுவரை காத்திருப்பது நோயாளியைக் கைவிடுவதற்குச் சமம்.

மாத்திரை ஏன் போதாது?

தயமின் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது பரவலான தவறு. ஆரோக்கியமான குடல்கூட ஒரு வேளை மாத்திரையிலிருந்து சில மில்லிகிராமுக்கு மேல் எடுத்துக்கொள்வது கடினம். கெட்டுப்போன குடல் அதிலும் சிறு பங்கைத்தான் எடுக்கும். பட்டினியில் இருக்கும் மூளைக்குள் தயமினைச் சீக்கிரம் புகுத்த வேண்டுமானால் ரத்தத்தில் அதன் அளவைச் சட்டென்று பல மடங்கு உயர்த்த வேண்டும். அதற்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதே வழி. ஏற்றியதும் ஓரிரு மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடுவதால் ஒரு நாளில் மூன்று வேளை கொடுக்கிறார்கள். ஐரோப்பிய நரம்பியல் சங்கங்களின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டி ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் என்கிறது. பிரிட்டனில் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் என்ற வழக்கம் நிலைத்திருக்கிறது. எந்த அளவு சரி என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. வாய்வழி மாத்திரை போதாது, தாமதிக்கக் கூடாது என்ற இரண்டிலும் கருத்து வேறுபாடு இல்லை. கடும் ஒவ்வாமை மிக அரிதாக வரும் என்பதால் கண்காணிக்க வசதியுள்ள இடத்தில் மெதுவாக ஏற்றுவது நல்லது.

குளுக்கோஸ் டிரிப்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மயங்கி வந்தவருக்கு முதலில் மாட்டுவது அதுதான். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் பாய்ந்தால் மிச்சமிருக்கும் கொஞ்சத் தயமினும் செலவாகிவிடும். எல்லையில் நிற்கும் ஒருவர் அதனால் நோய்க்குள் தள்ளப்படலாம். அதனால் தயமினை முதலில், அல்லது கூடவே கொடுக்க வேண்டும். ஆனால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகக் குறைந்திருந்தால் தயமினுக்காகக் காத்திருக்கக் கூடாது, குளுக்கோஸை உடனே கொடுத்துவிட்டுத் தயமினையும் தொடர வேண்டும். பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறைய மாவுச்சத்துச் சாப்பிடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

மருந்து போனதும் முதலில் தேறுவது கண். குழப்பம் தெளிய நாட்களோ வாரங்களோ ஆகும். நடை கடைசியாகத் திரும்பும், பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. சிகிச்சையே இல்லாமல் விட்டால் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள்.

நினைவு போன பிறகு

அந்த அடுத்த கட்டத்தை 1887 முதல் தொடர்ந்து எழுதிப் பதிந்தவர் ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சகோவ். வெர்னிக்கே கண்டதும் தான் கண்டதும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

வார்டில் இந்த நோயாளியிடம் பேசினால் முதல் சில நிமிடங்களுக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றாது. தெளிவாக, மரியாதையாகப் பேசுவார். "காலையில என்ன சாப்பிட்டீங்க, ஐயா?" என்று கேட்டால் "தம்பி வந்திருந்தான் டாக்டர். அவனோட வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு இப்பதான் வந்தேன்" என்பார். தம்பி வரவில்லை. அவர் வார்டை விட்டு வெளியே போய்ப் பல நாள் ஆகிறது. மருத்துவர் வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் "வாங்க டாக்டர், புதுசா வந்திருக்கீங்களா?" என்று வரவேற்பார். இளமையில் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் நுணுக்கமாகச் சொல்வார். கடந்த சில ஆண்டுகள் மங்கலாக இருக்கும். புதிதாக எதுவும் பதியாது.

அவர் பொய் சொல்லவில்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தன்னிடமுள்ள பழைய துண்டுகளால் நிரப்புகிறது, அது உண்மை என்றே அவர் நம்புகிறார். இதைப் புரிந்துகொள்ளாத வீடுகளில் தினமும் சண்டை. "வாயைத் திறந்தா பொய்" என்று மனைவி அழுவார், "இப்பதானே சொன்னேன்" என்று மகன் கத்துவான். திருத்தித் திருத்திப் பேசுவதால் அவருக்குப் பதற்றம் கூடுமே தவிர நினைவு வராது. பேச்சை வேறு பக்கம் திருப்புவது, நாளின் வேலைகளை ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் வைப்பது, கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுவது ஆகியவை பலன் தருகின்றன. கை பழகிக் கற்கும் திறன் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. தவறு செய்யவே இடம் கொடுக்காமல், ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால், கற்றது நினைவில் இல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள்.

தேறவே முடியாதா? பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி கால்வாசிப் பேர் நன்றாகத் தேறுகிறார்கள், கால்வாசிப் பேர் தேறுவதே இல்லை, மற்றவர்கள் இடைப்பட்ட நிலையில் நிற்கிறார்கள். தேறுவதற்கு மாதங்கள் ஆகும், ஓரிரு ஆண்டுகள்கூட ஆகலாம். குடியை முற்றிலும் விட்டு, சத்தான உணவு தொடர்ந்தால்தான் அதுவும்.

கால்களில் தொடங்கும் சேதம்

மூளையைவிட அதிகம் பேரைத் தாக்குவது கால் நரம்புகளின் சேதம். பாதங்களில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, பிறகு மரத்துப்போதல். இரவில் போர்வை பட்டாலே வலிக்கும். செருப்பு நழுவிப் போனது தெரியாமல் நடப்பார்கள். இதற்கெல்லாம் வைட்டமின் குறைவுதான் காரணம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. ஜப்பானின் நகோயா ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இரண்டைப் பிரித்துக் காட்டியது. தயமின் சரியாக இருந்தும் மது மட்டுமே தாக்கும் நரம்புநோய் மெதுவாக வளர்கிறது, வலியும் எரிச்சலும் முன்னால் நிற்கின்றன. தயமின் குறைவால் வருவது வேகமாக வளர்ந்து கால்களின் பலத்தைப் பறிக்கிறது. பல நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும். வைட்டமினைச் சாப்பிட்டுக்கொண்டே குடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆய்வு பதில் சொல்லிவிட்டது.

சிறுமூளையின் நடுமேடு சுருங்குவதும் தனியாகவே வரலாம். அப்போது கை, பேச்சு எல்லாம் ஏறத்தாழச் சரியாக இருக்கும், கால் மட்டும் கேட்காது. படுக்க வைத்து ஒரு குதிகாலை மறு முழங்காலில் வைத்துக் கணுக்கால்வரை இழுக்கச் சொன்னால் கோணல் மாணலாக அலையும்.

மற்ற பி வைட்டமின்களும் சேர்ந்தே குறைகின்றன. நியாசின் எனப்படும் பி3 குறைந்தால் பெலக்ரா. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்துத் தடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், அறிவு தடுமாறும். குடிநோயாளிகளிடம் தோல் மாற்றமே இல்லாமல் குழப்பமும் உடல் விறைப்பும் தசை வெட்டி வெட்டி இழுப்பதுமாக இது வரலாம். தயமின் கொடுத்தும் தெளியாதவரிடம் இதை நினைக்க வேண்டும். பி12 குறைந்தால் தண்டுவடம் கெடும். ஈரல் நோய் இருந்தால் ரத்தத்தில் பி12 அளவு சரியாக இருப்பது போலப் பொய்யாகக் காட்டும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், பி12 குறைவால் வரும் நரம்புச் சேதமோ மறைவாகத் தொடரும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், அதையே மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினாலும் நரம்பு கெடும். கடையில் கிடைக்கும் நரம்பு மாத்திரைகளைத் தானாக வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாவில் கலந்தால்?

ஆஸ்திரேலியாவில் ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பதை 1991-இல் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன் அங்கே பிரேதப் பரிசோதனைகளில் 2 சதவீதத்துக்கும் மேல் காணப்பட்ட வெர்னிக்கே மாற்றங்கள், பின்னர் சிட்னியில் செய்த ஆய்வில் 1.1 சதவீதமாகக் குறைந்திருந்தன. குடிப்பவரைத் திருத்தாமல், யாருக்கும் அறிவுரை சொல்லாமல், மாவில் ஒரு வைட்டமினைக் கலந்ததோடு கிடைத்த குறைவு இது. சாப்பிடவே சாப்பிடாதவருக்கு மாவில் கலந்ததால் பயனில்லை என்பது உண்மைதான். அதற்காக மற்றவர்களுக்குக் கிடைத்ததைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

குடும்பத்தினரால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும்போது எவ்வளவு குடித்தார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார், எத்தனை நாளாக வாந்தி, எடை எவ்வளவு இறங்கியது, நடையும் பார்வையும் எந்த நாளில் மாறின, கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பவற்றை யாரும் கேட்காமலே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, "தயமின் ஊசி போட்டாச்சா?" என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. குடியை நிறுத்த முடிவெடுத்தவர்களும் வீட்டிலேயே பூட்டி வைத்து நிறுத்த முயலாமல் மருத்துவரின் பார்வையில் நிறுத்துவது நல்லது, அந்த முதல் வாரத்தில்தான் சாப்பாடு செல்லாமல், வாந்தியோடு, எஞ்சிய இருப்பும் கரைகிறது. எடை குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள், கர்ப்ப காலத்தில் வாந்தி நிற்காதவர்கள் ஆகியோரிடமும் இதே அறிகுறிகள் தோன்றினால் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அவர்களிடம் மது வாடை இருக்காது என்பதால் இந்த நோய் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.